எண்ணெயில் லட்சுமி, அரப்பில் கலைமகள்



தீபாவளி நெருங்குது. கோவிலில் பூ கட்டிக்கிட்டு இருந்தப்ப ஓர் அம்மா கேட்டாங்க: "அண்ணே, மகளுக்கு ஒரே பொடுகு. ஸ்கூல்ல கேலி பண்றாங்களாம். தலை காஞ்சு போச்சுன்னு தினமும் தேங்காய் எண்ணெய் வச்சுப் பின்னி அனுப்புறேன். கூடிக்கிட்டேதான் போகுது. ஏன்ணே?"

பதில் நம்ம வழக்கத்தோட வரலாற்றிலேயே இருக்கு.

நம் குயின் ஸ்திரீட் மகா மாரியம்மன் கோவில் 1833-ல் எழுந்தது. அந்தக் காலத்தில் கப்பலேறி பினாங்குக்கு வந்த முன்னோர்கள் சாமியோடு வீட்டு வழக்கங்களையும் கொண்டு வந்தாங்க. அதில் ஒன்று எண்ணெய்க் குளியல். ஆண்களுக்குப் புதன், சனி. பெண்களுக்குச் செவ்வாய், வெள்ளி. நல்லெண்ணெயைத் தேய்ச்சு, கொஞ்ச நேரம் ஊறவிட்டு, சீயக்காயோ அரப்போ போட்டு எண்ணெய்ப் பசை போகக் கழுவிடுவாங்க.

தீபாவளிக் குளியலைப் பற்றிப் பெரியவங்க சொல்றதை நினைச்சுப் பாருங்க. எண்ணெயில் லட்சுமி, அரப்பில் கலைமகள், தண்ணீரில் கங்கை. மூணு பேரும் சேர்ந்தாத்தான் அது குளியல். இப்போ நாம லட்சுமியை மட்டும் தலையில் வச்சுக்கிட்டு, மற்ற இருவரையும் மறந்துட்டோம்!

பொடுகு பெரும்பாலும் வறட்சியால் வருவதில்லை. 1874-ல் பிரெஞ்சு மருத்துவர் லூயி சார்ல் மலாசே, பொடுகுச் செதில்களில் ஒரு நுண்ணுயிரைக் கண்டு எழுதினார். அவர் பெயராலேயே இன்று அது மலாசேசியா. எல்லார் தலையிலும் இருக்கிற பூஞ்சைதான். அதுக்குச் சாப்பாடு கொழுப்பு. தலையில் சுரக்கும் எண்ணெயை அது உடைக்கும்போது வரும் அமிலம் சிலர் தோலை உறுத்தும். அரிப்பும் செதிலும் வரும். தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய் இரண்டிலும் அதுக்குப் பிடிச்ச கொழுப்பு அமிலங்கள் உண்டு. பினாங்கு வெக்கையில், வேர்வையோடு நாள் முழுக்க எண்ணெய் தலையில் நின்னா, அந்தப் பூஞ்சைக்கு நாமே அன்னதானம் செய்த மாதிரி.

சீயக்காயில் சபோனின் என்ற நுரைக்கும் பொருள் இருக்கு. எண்ணெயைப் பிடிச்சுத் தண்ணீரோடு இழுத்துட்டுப் போறது அதுதான். முன்னோர் பூஞ்சையைப் பார்த்ததில்லை. ஆனா எண்ணெயைத் தலையிலேயே விட்டுவைக்கவும் இல்லை.

அந்த அம்மாகிட்ட இதைத்தான் சொன்னேன்: பொடுகு அடங்கும்வரை தினசரி எண்ணெயை நிறுத்துங்க. ஃபார்மசியில் கேட்டு, கீட்டோகோனசோல் மாதிரி பொடுகு ஷாம்பு வாங்குங்க. நுரையைச் சில நிமிஷம் தலையில் விட்டுக் கழுவணும். செதில் கெட்டியா, சிவந்து, முடி திட்டாக உதிர்ந்தா டாக்டரைப் பாருங்க.

"அப்போ தீபாவளி எண்ணெய்?"ன்னு தயங்கினாங்க. தாராளமா வைங்க. சாஸ்திரத்துக்குச் சில சொட்டு போதும். அன்னைக்கே நல்லா அலசிடுங்க. வழக்கத்தை விடச் சொல்லல, முழுசாச் செய்யத்தான் சொல்றேன்.

அம்மன் துணை. 🙏