கடலின் நீலமும் கண்ணாடி இழையும்

சி. வி. இராமன் என்ற பெயரை அறியாத தமிழ் மாணவர் இலர். 'இராமன் விளைவு' கண்டார், 1930இல் பௌதிகவியலுக்கான நோபல் பரிசு பெற்றார் என்று பரீட்சைத்தாளிலே நாமெல்லாம் எழுதியிருக்கிறோம். ஆயின் அந்த விளைவு யாது, அது இன்று எங்கே தொழிற்படுகிறது என்று கேட்டால் கற்றவர்களிற் பலரும் மௌனமாகிவிடுகின்றனர். பெயரும் ஆண்டும் நின்றன; பொருள் நழுவிவிட்டது. அந்தப் பொருள் இன்று தலைமயிரளவு மெல்லிய கண்ணாடி இழைக்குள்ளிருந்து பணிபுரிகிறது. அதன் தொடக்கமோ ஒரு கடற்பயணம். தமிழாசிரியனுக்குப் பௌதிகவியலில் என்ன அலுவல் என்று நேயர்கள் கேட்கக்கூடும். கடலைப் பார்த்து ஒருவர் கேட்ட கேள்வியிலே பிறந்த வரலாறு என்பதால், தீவான் ஒருவன் அதைச் சொல்வதிற் பிழையில்லை என்றே எண்ணுகிறேன்.

1921ஆம் ஆண்டு. கல்கத்தாப் பல்கலைக்கழகப் பேராசிரியராயிருந்த இராமன், ஒக்ஸ்போர்டிலே நடைபெற்ற மாநாடொன்றுக்குச் சென்றுவிட்டு 'நர்குண்டா' என்னும் கப்பலிலே திரும்பிக்கொண்டிருந்தார். மத்தியதரைக் கடலின் கடும் நீலம் அவர் கருத்தைக் கவர்ந்தது. வானத்தின் நீலமே கடலிலே தெறித்து நமக்குத் தெரிகிறது என்று ஆங்கிலேய அறிஞரான றேலிப் பிரபு சொல்லியிருந்தார். பெரியவர் சொன்னது, எவரும் மறுக்கவில்லை. இராமன் தம்முடன் கொண்டுசென்ற நிக்கோல் அரியம் என்னும் சிறு கருவியைக் கண்ணிலே வைத்துத் தெறித்துவரும் ஒளியைத் தடுத்துவிட்டுப் பார்த்தார். வானத்தின் ஒளி அற்றுப்போன பின்பும் கடல் நீலமாகவே இருந்தது. முன்னிலும் ஆழ்ந்த நீலமாக இருந்தது. நீரின் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறச் செய்கின்றன என்று முடிவுசெய்து, கப்பல் பம்பாய்த் துறைமுகத்தை அடைந்ததும் அங்கிருந்தே 'நேச்சர்' இதழுக்குக் கடிதம் எழுதினார்.

ஊர்காவற்றுறையிலிருந்து அனலைதீவுக்கு வள்ளத்திலே போகிறவர்கள் இந்த நீலத்தைக் காண்பது அரிது. ஆழங்குறைந்த நமது கடல் பச்சையாகவும் வெளிறியும் கிடக்கும். ஆழ்கடலுக்குப் போய்வந்தவர்களைக் கேட்டால் இராமன் கண்ட நிறத்தைச் சொல்வார்கள்.

அதன்பின் ஏழு ஆண்டுகள், கல்கத்தாவின் பௌபஜார் வீதியிலிருந்த ஆய்வுகூடத்திலே அவரும் மாணாக்கரும் திரவங்களினூடே ஒளியைச் செலுத்திச் சிதறிவருவதை ஆராய்ந்தனர். 1928 பெப்ரவரி 28இலே விடை தெளிவாயிற்று. ஒளி மூலக்கூறில் மோதிச் சிதறும்போது பெரும்பகுதி தன் நிறம் மாறாமலே வருகிறது. மிகச் சொற்பமான பகுதி மட்டும் தன் சக்தியிற் சிறிது மூலக்கூறின் அதிர்வுக்குக் கொடுத்துவிட்டுச் சற்றுச் சிவந்து வருகிறது. மூலக்கூறு முன்னரே அதிர்ந்துகொண்டிருந்தால் அதனிடமிருந்து சக்தியை வாங்கிக்கொண்டு சற்று நீலம் பாய்ந்தும் வருவதுண்டு. இந்தக் கொடுக்கல் வாங்கலே இராமன் விளைவு. வாங்கி வரும் அந்த நீலத்தைப் பின்னர் மீண்டும் காண்போம்.

இங்கே ஒரு விடயத்தை விட்டுவிடலாகாது. இக்கண்டுபிடிப்பை அறிவித்து 'நேச்சர்' இதழில் வந்த முதற் குறிப்பிலே இருவர் பெயர் உண்டு. மற்றவர் வத்திராயிருப்பிற் பிறந்த கே. எஸ். கிருஷ்ணன், பின்னாளிலே டில்லியிலுள்ள தேசியப் பௌதிக ஆய்வுகூடத்தின் முதற் பணிப்பாளராயிருந்தவர். பரிசு ஒருவருக்கே கிடைத்தது. அதே மாதத்தில் மொஸ்கோவிலே லான்ட்ஸ்பேர்க், மண்டெல்ஷ்தாம் என்னும் இருவர் படிகக் கல்லிலே இதே விளைவைக் கண்டனர், வெளியிடுவதிற் பிந்தினர். இராமனின் பெருமையை இவை குறைக்கமாட்டா. ஆனால் பெருமை பேசும்போது மற்றவர் பெயரை விழுங்கிவிடுகின்ற வழக்கம் நம்மிடையே உண்டு. அது எனக்கு உடன்பாடன்று.

இனி இழைக்கு வருவோம். நமது பாடநூல்களிலே நார் என்றும் இழை என்றும் இருவிதமாகவும் இது வழங்குகிறது. நார் என்பது பனையிலும் தென்னையிலும் உரித்தெடுப்பது. இழை என்பது இழுத்து நீட்டுவது. உருக்கிய கண்ணாடியை இழுத்தே இதைச் செய்கின்றனர் ஆதலால் இழை என்பதே என் காதுக்குப் பொருந்துகிறது.

கண்ணாடிக்குள் நுழைந்த ஒளி பக்கவாட்டில் ஏன் வெளியேறுவதில்லை? சங்கு குளிப்பவர்களுக்கு இதன் விடை கண்கண்ட செய்தி. நீருக்குள் நின்று நேரே அண்ணாந்து பார்த்தால் வானம் தெரியும். பார்வையை நன்றாகச் சரித்தால் வானம் மறைந்து, நீர்ப்பரப்பு முகம்பார்க்கும் கண்ணாடிபோலக் கடலடியையே காட்டும். இதுவே முழுவுட்டெறிப்பு. ஜெனீவாவிலே கொலாடன் 1841இல், கொட்டும் நீர்த்தாரைக்குள்ளே ஒளி வளைந்து செல்வதைச் சபையோருக்குக் காட்டினார். ஹைன்றிக் லாம் என்ற ஜேர்மன் மருத்துவ மாணவர் 1930இலே கண்ணாடி இழைக் கற்றையினூடாக ஒரு மின்விளக்கு இழையின் உருவத்தை அனுப்பிப் பார்த்தார்.

நரிந்தர் சிங் கபானி பஞ்சாபிலே மோகா என்னும் ஊரில் 1926இற் பிறந்தவர். ஒளி நேர்கோட்டிலேயே செல்லும் என்று ஆசிரியர் சொன்னதை இளமையிலேயே தம் மனம் ஏற்கவில்லை என்று அவர் பின்னாளிற் கூறியதுண்டு. இலண்டன் இம்பீரியல் கல்லூரியிலே ஹொப்கின்ஸ் என்பவருடன் சேர்ந்து, வளையும் இழைக்கற்றையினூடாகத் தெளிவான உருவத்தை அனுப்பும் முறையை 1954 ஜனவரியிலே 'நேச்சர்' இதழில் வெளியிட்டார். அதே இதழிலே ஒல்லாந்தரான வான் ஹீல் எழுதிய கட்டுரையும் வந்தது. 1960இல் இத்துறைக்கு 'ஃபைபர் ஒப்ரிக்ஸ்' என்று பெயரை நிலைநாட்டியவர் கபானியே. 2009இலே இழைவழி ஒளிபரப்பலுக்கான நோபல் பரிசு சாள்ஸ் காவோவுக்குச் சென்றபோது, கபானி மறக்கப்பட்டார் என்று இந்தியாவிலே பலர் மனம் நொந்தனர். 2020இல் அவர் மறைந்தபின் 2021இலே பத்ம விபூஷண் விருது அறிவிக்கப்பட்டது.

காவோவுக்குக் கொடுத்தது தவறென்று நான் கருதவில்லை. அவர் கேட்டது வேறு கேள்வி. அக்காலத்துக் கண்ணாடியிலே ஏறத்தாழ 20 மீற்றர் செல்வதற்குள் ஒளி நூறிலொரு பங்காக மங்கிவிடும். குற்றம் கண்ணாடியில் இல்லை, அதிற் கலந்துள்ள மாசிலேயே உள்ளது என்று 1966இலே காவோவும் ஹொக்ஹாமும் காட்டினர். ஒரு கிலோமீற்றர் சென்றபின் நூறிலொன்று எஞ்சினாற் போதும் என்று இலக்கும் வைத்தனர். 1970இல் அமெரிக்காவின் கோர்னிங் நிறுவனத்து ஆய்வாளர் மூவர் அந்த இலக்கைக் கடந்தனர். இன்றைய நல்ல இழையிலே நூறிலொன்றாவதற்கு 100 கிலோமீற்றர் செல்லவேண்டும். ஆயினும் கபானிக்கும் ஒரு பங்கு கொடுத்திருக்கலாம்.

இதற்கிடையே 1960 மே மாதம் மைமன் முதல் லேசரை ஒளிரச் செய்தார். சிதறாமல் ஒருமுகமாகச் செல்லும் அந்த ஒளி இழைக்கென்றே பிறந்ததுபோன்றது. அடுத்த ஆண்டிலேயே இலியாஸ் சினிற்சர் கண்ணாடி இழையையே லேசராக்கலாம் என்று காட்டத் தொடங்கினார். 1972இலே பெல் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த ஸ்ரோலனும் நண்பர்களும் இழைக்குள்ளே இராமன் சிதறலையே வளர்த்து லேசர் ஒளி பெற்றனர். கல்கத்தாவிலே வெயிலையும் பாதரச விளக்கையும் கொண்டு கண்ணைக் கசக்கிப் பார்த்த மங்கலான ஒளி, நாற்பத்து நான்கு ஆண்டுகளின் பின் தானே ஒரு லேசராயிற்று.

எனினும் என்னை மிகவும் வியப்பிலாழ்த்தியது 1985இன் செய்தி. இங்கிலாந்திலே டேக்கினும் குழுவினரும், இழை ஒன்றினுள் ஒரு லேசர் துடிப்பைச் செலுத்தி, வழிநெடுகச் சிதறித் திரும்பிவரும் இராமன் ஒளியை அளந்தனர். சக்தி வாங்கிவரும் நீலத்தை முன்னே குறிப்பிட்டேனல்லவா? கண்ணாடி சூடாகும்போது அதன் மூலக்கூறுகள் கூடுதலாக அதிரும். அந்த நீலமும் கூடும். சிவந்து வரும் ஒளியோடு அதை ஒப்பிட்டால் வெப்பநிலை தெரிந்துவிடும். எந்த இடத்தின் வெப்பநிலை? ஒளி கண்ணாடியிலே செக்கனுக்கு ஏறத்தாழ இரண்டு இலட்சம் கிலோமீற்றர் செல்லும். ஆகவே ஒரு மீற்றர் தூரம் போய்த் திரும்ப ஒரு செக்கனைப் பத்துக் கோடியாகப் பகுத்ததில் ஒரு பங்கு நேரம் எடுக்கும். அந்த நேரக்கணக்கே இடத்தைச் சொல்லிவிடும். வேறு கருவி எதையும் இடையிலே பொருத்தாமல், பல கிலோமீற்றர் நீளமான இழை முழுவதும் வெப்பமானியாகிவிடுகிறது. சுரங்கப்பாதையில் எங்கே தீ மூண்டது, புதைத்த மின்வடம் எவ்விடத்தில் மிகையாகச் சூடேறுகிறது, எண்ணெய்க் கிணற்றின் எந்த ஆழத்தில் என்ன வெப்பம் என்பதை இவ்வுணரிகள் இன்று சொல்கின்றன. ஒரு தமிழர் பெயரைத் தாங்கிய ஒளி இப்பணியைச் செய்கிறது என்பதை நம் பிள்ளைகளுக்கு யார் சொல்கிறோம்?

இழை லேசரிலும் இழை உணரியிலும் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்திலே ஆய்வு நடைபெறுகிறது. கல்கத்தாவின் ஜாதவ்பூரிலே மத்திய கண்ணாடி, பீங்கான் ஆய்வுநிலையம் இத்தகைய இழைகளை இழுத்துச் செய்து வருகிறது. இராமன் பணிபுரிந்த கழகமும் பிற்காலத்திலே பௌபஜாரை விட்டு அதே ஜாதவ்பூருக்கு இடம்பெயர்ந்தது.

கடலுக்கு மீண்டும் வரவேண்டியிருக்கிறது. 2004 டிசம்பர் 26 காலை சுமாத்திராவிலே நிலம் நடுங்கி, ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தின் பின்பே அலை நமது கிழக்குக் கரையில் ஏறிற்று. அந்த இரண்டு மணி நேரத்திலே கரையிலிருந்தவர்க்கு ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. கடலடியிலோ அன்றும் பேச்சையும் செய்தியையும் சுமந்தபடி கண்ணாடி இழைகள் கிடந்தன. அத்தகைய தொலைத்தொடர்பு இழைகளே நிலநடுக்கத்தை உணரும் என்று, மால்ற்றாவுக்கும் சிசிலிக்கும் இடையிலுள்ள இழை உட்படச் சிலவற்றிற் சோதித்து, 2018இலே மாராவும் குழுவினரும் காட்டினர். நிலம் அசையும்போது இழை அணுவளவு நீண்டு சுருங்குகிறது. அதனூடே செல்லும் லேசரின் அலையொழுங்கு குலைந்து அதைக் காட்டிக்கொடுக்கிறது.

இழை நெடுகிலும் எந்த இடம் அதிர்கிறது என்று கேட்கும் இன்னொரு முறையும் உண்டு. அதற்குப் பயன்படுவது நிறம் மாறாமற் சிதறித் திரும்பும் ஒளி. அதன் பெயர் றேலிச் சிதறல். கடலின் நீலத்திலே இராமனிடம் தோற்ற அதே றேலிதான்! ஆனால் ஏறத்தாழ 100 கிலோமீற்றருக்கு அப்பாலிருந்து திரும்பிவரும் ஒளி மங்கிவிடுவதால், கரையையொட்டிய கடலையே இம்முறையாற் பெரும்பாலும் கேட்க முடிகிறது. அதற்கு அப்பாலுள்ள ஆழ்கடலைக் கேட்பதற்கான வழியையே ஆய்வாளர் இப்போது தேடிவருகின்றனர்.