டீகப்ளிங் மின்தேக்கித் தேர்வு

ஒரு ஐசியின் மின்வழங்கல் முனைக்கும் தரைமுனைக்கும் குறுக்கே, அதை ஒட்டியே பொருத்தப்படுவது டீகப்ளிங் மின்தேக்கி. ஐசிக்குள் டிரான்சிஸ்டர்கள் நிலைமாறும் கணத்தில் தேவைப்படும் மின்னோட்டத்தை இது தன் சேமிப்பிலிருந்து தருகிறது. அந்தத் துடிப்பு பலகையின் மற்ற பகுதிகளுக்குப் பரவாமலும் தடுக்கிறது.

மின்வழங்கி எவ்வளவு வலுவானதாக இருந்தாலும் இந்த வேலையை அது செய்ய முடியாது. இடையிலுள்ள செப்புத் தடத்தின் மின்தூண்டல் குறுக்கே நிற்கிறது. மெல்லிய தடத்தில் மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 1 நானோஹென்றி வரை இருக்கும். வழியில் மொத்தம் 10 நானோஹென்றி இருந்து, 1 நானோவினாடியில் மின்னோட்டம் 100 மில்லியாம்பியர் உயர்ந்தால், வழியிலேயே 1 வோல்ட் விழுந்துவிடும். 3.3 வோல்ட்டில் ஓடும் மைக்ரோகன்ட்ரோலர் அந்தச் சரிவில் காரணம் தெரியாமல் ரீசெட் ஆகலாம். கடிகார வேகம் குறைவாக இருந்தாலும் இந்தச் சிக்கல் வரும். துடிப்பைத் தீர்மானிப்பது நிலைமாற்றம் எவ்வளவு சடுதியில் நடக்கிறது என்பதே; நொடிக்கு எத்தனை முறை நடக்கிறது என்பதல்ல. 1972இல் சிக்னெடிக்ஸ் வெளியிட்ட 555 டைமர் இதற்கு நல்ல சான்று. அதன் வெளியீடு மாறும்போது மேல், கீழ் டிரான்சிஸ்டர்கள் ஒரு கணம் சேர்ந்தே கடத்துவதால், நொடிக்கு ஒருமுறை மட்டும் மாறும் சுற்றிலும் மின்வழங்கல் தடம் அதிரும்.

தேவையான மதிப்பைக் கணக்கிடுவது எளிது. மின்னோட்டத்தை நேரத்தால் பெருக்கி, அனுமதிக்கும் மின்னழுத்தச் சரிவால் வகுக்க வேண்டும். 1 ஆம்பியரை 100 நானோவினாடிக்குக் கொடுத்து, சரிவு 0.1 வோல்ட்டைத் தாண்டாதிருக்க 1 மைக்ரோஃபாரடு போதும். ஆனால் மின்தேக்கிக்குள்ளும் மின்தூண்டல் உண்டு. பொருத்தும் வழியையும் சேர்த்து அது 1 நானோஹென்றி என்றால், 100 நானோஃபாரடு மின்தேக்கி ஏறத்தாழ 16 மெகாஹெர்ட்ஸில் ஒத்ததிரும். அதற்கு மேல் அதன் மின்னெதிர்ப்பு ஏறிக்கொண்டே போகும். மின்தேக்கியாக அல்ல, மின்தூண்டியாகவே நடந்துகொள்ளும்.

தேர்வில் பலர் தவறவிடும் இடம் இதுதான். அந்த மின்தூண்டலை முடிவுசெய்வது பெரும்பாலும் உறையின் அளவும் பொருத்தும் முறையும்தான், ஃபாரடு மதிப்பு அல்ல. ஒரே 0402 உறையிலுள்ள 10 நானோஃபாரடும் 1 மைக்ரோஃபாரடும் உயர் அதிர்வெண்ணில் ஏறக்குறைய ஒன்றே. 100, 10, 1 நானோஃபாரடு என மூன்றை அடுக்கும் பழக்கம், மதிப்பு கூடக்கூட உடலும் கால்களும் நீண்டுகொண்டே போன அந்தக் காலத்துக்குப் பொருந்தியது. இன்று அதைக் கண்மூடிப் பின்பற்றினால் தீங்கும் நேரலாம். ஒன்று மின்தூண்டியாக மாறிவிட்ட அதிர்வெண்ணில் மற்றொன்று இன்னும் மின்தேக்கியாகவே இருக்க, இரண்டும் இணையாக ஒத்ததிர்ந்து மின்னெதிர்ப்பில் ஒரு முகட்டை எழுப்பும். எட்டக்கூடிய மிகச் சிறிய உறையில் கிடைக்கும் பெரிய மதிப்பை எடுத்து, அதையே பல இடங்களில் வைப்பது பெரும்பாலான பலகைகளுக்குச் சிறந்த வழி.

உறையைச் சிறிதாக்குவதற்கு ஒரு விலை உண்டு. எக்ஸ்7ஆர், எக்ஸ்5ஆர் வகைப் பீங்கான் மின்தேக்கிகளின் அடிப்படை பேரியம் டைட்டனேட். நேர்மின்னழுத்தம் ஏற ஏற அதன் மின்தேக்குத்திறன் குறையும். 6.3 வோல்ட் தரமிட்ட 10 மைக்ரோஃபாரடு சிறு உறையை 5 வோல்ட்டில் வைத்தால், பாதிக்கும் மேல் காணாமல் போவதுண்டு. எக்ஸ்7ஆர் என்ற குறியீடு உறுதியளிப்பது மைனஸ் 55 முதல் 125 டிகிரி செல்சியஸ் வரை மாற்றம் 15 சதவீதத்துக்குள் இருக்கும் என்பதை மட்டுமே. மின்னழுத்தத்தைப் பற்றி அதில் எந்த வாக்குறுதியும் இல்லை. ஆகவே பெயரளவு மதிப்பை நம்பாமல், தயாரிப்பாளரின் மின்னழுத்த வரைபடத்தைப் பார்த்தே வாங்க வேண்டும். ஒய்5வி வகை வெப்பத்தாலேயே 82 சதவீதம் வரை இழக்கக்கூடியது. இந்தப் பணிக்கு அது வேண்டாம். சி0ஜி மிக நிலையானது. ஆனால் பெரிய மதிப்புகள் சிறு உறையில் கிடைப்பதில்லை.

தொடக்கமாக எடுத்துக்கொள்ள வேண்டியது ஐசியின் டேட்டாஷீட். எஸ்டிஎம்32எஃப்103 மைக்ரோகன்ட்ரோலருக்கு ஒவ்வொரு மின்வழங்கல் முனையிலும் 100 நானோஃபாரடும், பொதுவாக ஒரு 4.7 மைக்ரோஃபாரடும் கேட்கப்படுகின்றன. பெரிய செயலிகளில் இப்படி முனைக்கு ஒன்று என எண்ணினால் போதாது. மின்னழுத்தத்தில் பொறுக்கக்கூடிய ஏற்றஇறக்கத்தை மின்னோட்ட மாற்றத்தால் வகுத்து இலக்கு மின்னெதிர்ப்பு காண்பார்கள். 1 வோல்ட், 5 சதவீதம், 10 ஆம்பியர் என்றால் 5 மில்லிஓம். தேவையான அதிர்வெண் பரப்பு முழுவதிலும் அந்த எல்லைக்குள் நிற்கும்படி மின்தேக்கிகளைச் சேர்ப்பார்கள்.

நல்ல மின்தேக்கியையும் நீண்ட தடம் வீணாக்கிவிடும். மின்தேக்கியைப் பற்றவைக்கும் பட்டையிலிருந்து தரைத்தளத்துக்கு இறங்கும் துளை பட்டையை ஒட்டியே இருக்க வேண்டும்; மின்வழங்கல், தரை ஆகிய இரு துளைகளும் ஒன்றையொன்று நெருங்கியிருந்தால் மின்னோட்டம் சுற்றும் வளையம் சுருங்கும்.

ரெகுலேட்டரின் வெளியீட்டில் மட்டும் மின்தேக்கியின் உள்மின்தடை குறைவாக இருப்பது எப்போதும் நன்மை அல்ல. எல்எம்1117 போன்ற பழைய வடிவமைப்புகள் நிலைத்து நிற்க, வெளியீட்டு மின்தேக்கியின் உள்மின்தடை 0.3 முதல் 22 ஓம் வரை இருக்க வேண்டும் என்கின்றன. அங்கே தாண்டலம் மின்தேக்கி பொருந்தும். பீங்கான் மட்டும் போட்டால் வெளியீடு அலைவுறத் தொடங்கலாம். தாண்டலத்துக்குத் தரமிட்ட மின்னழுத்தத்தில் பாதிக்கு மேல் கொடுக்காதிருப்பது பாதுகாப்பு. திடீர் மின்னோட்டப் பாய்ச்சலில் பழுதாகும் தாண்டலம் குறுக்குச்சுற்றாகித் தீப்பிடிக்கவும் கூடும்.