நிறுவன நடத்தை

நிறுவனங்களில் தனிமனிதரும் குழுக்களும் எப்படி, ஏன் அப்படி நடந்துகொள்கிறார்கள் என்பதை ஆராயும் துறை. சிகாகோவை அடுத்த ஹாதோர்ன் ஆலையில் 1924 முதல் 1932 வரை நடந்த ஆய்வுகளோடு பல பாடநூல்கள் இதன் வரலாற்றைத் தொடங்குகின்றன. அங்கே தொலைபேசிக் கருவிகளுக்குக் கம்பி பொருத்தும் குழுவிலிருந்த 14 பேர், கூடச் செய்தால் கூடக் கூலி கிடைக்கும் என்றிருந்தும் தமக்குள் வகுத்துக்கொண்ட அளவைத் தாண்டவில்லை. தாண்ட முயன்றவரின் தோளில் கூட்டாளிகளே குத்தி அடக்கினார்கள். மேலாளரின் ஆணையைவிடக் குழுவின் வழக்கம் வலியது என்பது அதில் தெளிவானது. ஆனால் அந்த உண்மைக்கு ஆலையும் மேலாளரும் தோன்றும்வரை காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. அரசனுக்கு எட்டாத கடலில் ஆண்டுக்கணக்காகச் சேர்ந்து தொழில் செய்த வணிகக் குழுக்கள் அதை நன்கு அறிந்திருந்தன.

திருகோணமலைக்கு வடக்கே திரியாயில், கந்தசாமி மலை என்று தமிழர் அழைக்கும் குன்றில், பல்லவ கிரந்த எழுத்தில் 11 வரிகளில் ஒரு சமஸ்கிருதக் கல்வெட்டு இருக்கிறது. காலம் ஏறத்தாழ 7 அல்லது 8ஆம் நூற்றாண்டு. கடலோடுவதிலும் வாங்கி விற்பதிலும் வல்ல வணிகக் கணங்கள் கிரிகண்டி சைத்தியம் என்னும் பௌத்தத் தலத்துக்குச் செய்த திருப்பணியை அது போற்றுகிறது. அந்தக் கணங்களுக்கு அது தரும் பெயர்கள் திரபூசகர், வல்லிககர். புத்தரின் முதல் உபாசகர்களாகப் பௌத்த மரபு சொல்லும் இரு வணிகரின் பெயர்களே இவை. முன்னோடிகளின் பெயரைக் குழு தன்மேல் சூட்டிக்கொண்டால், ஒருவன் செய்யும் மோசடி அவன் கணக்கோடு முடியாது. அந்தப் பெயரையே கெடுக்கும். கூட்டாகச் செய்த திருப்பணியும் அப்படித்தான் ஒவ்வொருவரையும் மற்றவர் முன் பொறுப்பாளியாக்கியது.

கல்வெட்டு தற்புகழ்ச்சிதானே, அதை நடத்தைக்குச் சான்றாகக் கொள்ளலாமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. புகழுரை உள்ளதை அப்படியே காட்டாது; எதைப் புகழாக அவர்கள் விரும்பினார்கள் என்பதைக் காட்டும். குழுவின் நெறியை அறிய அது போதும். நெறி மீறப்படவில்லை என்றும் கொள்ள முடியாது. வணிகரோடு தொடர்புடைய படைக்குழு ஒன்றில் இதைக் காணலாம். இலங்கை மன்னன் முதலாம் விஜயபாகு சோழநாட்டின் மேல் படை அனுப்ப முயன்றபோது அவனிடம் கூலிக்குப் பணிசெய்த வேளைக்காரப் படையினர் கலகம் செய்ததை இலங்கையின் வரலாற்று நூலான சூளவம்சம் மறைக்கவில்லை. மன்னன் அடக்கினான். அவன் இறந்தபின், பொலன்னறுவையில் புத்தரின் தந்ததாதுக் கோயிலைக் காப்போம் என்று அதே வேளைக்காரர் தமிழ்க் கல்வெட்டில் உறுதி தந்தார்கள். ஆணையை எதிர்த்தவர்கள் தாமே ஏற்ற கடமையைக் கல்லில் பொறித்தார்கள். அதற்காக அவர்கள் கூட்டியோர், தம் மூத்தோரான வலஞ்சியரும் நகரத்தாருமாகிய வணிகக் குழுவினர்.