'விரைவாக' என்றால் எத்தனை நாட்கள்?

தாமதிக்கப்பட்ட நீதி மறுக்கப்பட்ட நீதி என்பார்கள். ஆனால், எத்தனை நாட்கள் கடந்தால் அது தாமதமாகும் என்ற கேள்விக்கு நீதிமன்றங்கள் இலகுவில் பதில் கூறுவதில்லை. அமெரிக்காவில் பரோல் கைதிகள் அந்தப் பதிலைப் பெறுவதற்கு முப்பது வருடங்களுக்கும் மேலாகப் போராட வேண்டியிருந்தது.

இந்தியச் செய்திகளில் நாம் வாசிக்கின்ற பரோல், கைதிக்கு வழங்கப்படும் குறுகியகால விடுப்பாகும். அமெரிக்கப் பரோல் வேறு. தண்டனைக் காலம் முடிவதற்கு முன்னரே விடுதலையாகும் ஒருவர், எஞ்சிய காலத்தை அதிகாரியொருவரின் கண்காணிப்பில் வெளியே கழிக்கிறார். நிபந்தனையை மீறினால் மீண்டும் சிறை. மீறினாரா, இல்லையா என்பதை யார், எப்போது தீர்மானிப்பது என்பதிலேயே பிரச்சினை எழுந்தது.

போலிக் காசோலைக் குற்றத்தை 1967ஆம் ஆண்டில் ஒப்புக்கொண்டு, ஏழு வருடங்களுக்கு மேற்படாத சிறைத்தண்டனை பெற்றவர் அயோவா மாநிலத்தைச் சேர்ந்த மொரிஸி. 1968 ஜூனில் பரோலில் வெளிவந்த அவர் ஏழு மாதங்களில் கைது செய்யப்பட்டார். பொய்ப் பெயரில் கார் வாங்கினார், கடன் பெற்றார், வசிப்பிடத்தை அறிவிக்கவில்லை என்பன குற்றச்சாட்டுகள். ஒரு வாரத்தின் பின்னர் பரோல் சபை, அதிகாரியின் எழுத்துமூல அறிக்கையை மாத்திரம் பார்த்து அவரது பரோலை ரத்துச் செய்தது. வீட்டிலிருந்து சுமார் 100 மைல் தொலைவிலிருந்த சிறைச்சாலைக்கு அவர் திருப்பி அனுப்பப்பட்டார். அதற்கு முன்னர் அவருக்கு எந்த விசாரணையும் நடத்தப்படவில்லை.

இந்த வழக்கில் 1972 ஜூன் 29ஆம் திகதி உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதனை எழுதிய பிரதம நீதியரசர் வாரன் பேர்கர், பரோலில் இருப்பவரின் சுதந்திரம் நிபந்தனைக்குட்பட்டதே என்றாலும், அதனைப் பறிப்பது பாரதூரமான இழப்பு என்று ஏற்றுக்கொண்டார். கைதானவுடன், கைது இடம்பெற்ற இடத்துக்கு அருகில், விரைவாக ஓர் ஆரம்ப விசாரணை. பின்னர் நியாயமான காலத்துக்குள் இறுதி விசாரணை என இரு கட்டங்களைத் தீர்ப்பு வகுத்தது. இறுதி விசாரணைக்கு இரண்டு மாதங்கள் செல்வது நியாயமற்றதாகத் தோன்றவில்லை என்றது நீதிமன்றம். ஆரம்ப விசாரணைக்கோ நாள் கணக்கு எதுவும் குறிக்கப்படவில்லை.

நான்கு வருடங்களின் பின்னர், 1976 நவம்பரில், இன்னொரு கதவு மூடப்பட்டது. பரோல் காலத்தில் இருவரைக் கொன்று புதிய தண்டனை பெற்ற மூடி என்பவர், தனக்கு எதிரான பரோல் பிடியாணையை உடனடியாக விசாரிக்குமாறு கோரினார். இரு தண்டனைகளையும் ஒரே காலத்தில் அனுபவிக்கலாம் என்பது அவரது எதிர்பார்ப்பு. பிடியாணை நிறைவேற்றப்படும் வரை விசாரணைக்கான உரிமை பிறக்காது என்று பெரும்பான்மை நீதியரசர்கள் கூறினர். நீதியரசர் ஸ்டீவன்ஸும் பிரெனனும் மாறுபட்டனர். அவருடைய குற்றம் கொடியது என்பதில் ஐயமில்லை. ஆனால், கடிகாரத்தை எப்போது ஓடவிடுவது என்ற தீர்மானம் அதிகாரிகளின் கையில் விடப்பட்டது என்பதே இத்தீர்ப்பின் விளைவு.

மொரிஸி தீர்ப்பு சொல்லாமல் விட்ட நாள் கணக்கின் விலையை கலிபோர்னியா காட்டியது. அங்கு ஆரம்ப விசாரணை என்ற கட்டமே இருக்கவில்லை, ஒரேயொரு விசாரணைதான். அதற்காக, கைதானவர்கள் 45 நாட்களும் அதற்கு மேலும் சிறையில் காத்திருக்க நேர்ந்தது. இறுதியில் குற்றமற்றவர் என்று தெரியவந்தாலும், அதற்குள் வேலை போயிருக்கும். வாடகை வீடும் போயிருக்கும். 1994இல் தொடுக்கப்பட்ட வல்டிவியா வழக்கில், இந்த முறை அரசியலமைப்புக்கு முரணானது என்று சமஷ்டி நீதிபதி லோரன்ஸ் கார்ல்ட்டன் 2002 ஜூனில் தீர்ப்பளித்தார். 2004 மார்ச்சில் இரு தரப்பின் இணக்கத்துடன் பிறப்பிக்கப்பட்ட கட்டளை, குற்றச்சாட்டு அறிவிக்கப்பட்டு 10 வேலை நாட்களுக்குள் ஆரம்ப விசாரணையும், தடுத்து வைக்கப்பட்டு 35 நாட்களுக்குள் இறுதி விசாரணையும் நடைபெற வேண்டும் என்றது. ஒவ்வொருவருக்கும் சட்டத்தரணி ஒருவரும் உறுதிசெய்யப்பட்டார். 2013 ஜூலை முதல் இவ்விசாரணைகளில் பெரும்பாலானவை பரோல் சபையிடமிருந்து கவுண்டி நீதிமன்றங்களுக்கு மாற்றப்பட்டன.

1972இல் எழுதப்பட்ட 'விரைவாக' என்ற ஒரு சொல், கலிபோர்னியாவில் எண்ணாக மாறுவதற்கு 32 வருடங்கள் சென்றன. உரிமைகளைச் சட்டப் புத்தகங்களில் பொறிப்பது ஒரு வெற்றிதான். ஆயினும், அவற்றுக்குத் தவணை குறிக்கப்படாதவரை சிறைக் கூண்டில் நாட்களை எண்ணிக்கொண்டிருப்பவனுக்கு அவை வெறும் வார்த்தைகளே.