தேய்ந்த மலையும் வளர்ந்த நகரமும்

கோலாலம்பூரின் வரலாற்றை 1857ஆம் ஆண்டிலிருந்து தொடங்குவது மரபு. அவ்வாண்டிலே, கிள்ளான் ராஜா அப்துல்லா அனுப்பிய 87 சீனத் தொழிலாளர் ஆற்று வழியே வந்து அம்பாங்கில் ஈயம் தேடினர். ஆனால் அங்கே ஈயம் இருந்தது ஏன்? விடை காணக் கோடிக்கணக்கான ஆண்டுகள் பின்னோக்கிச் செல்லுதல் வேண்டும்.

இன்றைய தீபகற்பம் முற்காலத்தில் இரு நிலத்துண்டுகளாக இருந்தது. இடையே தெத்திஸ் என்னும் பழங்கடல் கிடந்தது. அக்கடல் மூடுண்டு இரு நிலங்களும் மோதின. அவை பொருந்திய தழும்பு பெந்தோங், ரவூப் வழியாகச் செல்கிறது. மோதலால் தடித்த நிலத்தோட்டின் அடிப்பகுதி உருகி, சுமார் 20 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆழத்திலேயே இறுகிக் கருங்கல்லாயிற்று. அதுவே தித்திவங்சா மலைத்தொடரின் உடல். அதிலிருந்து எழுந்த வெந்நீர்மங்களே பாறை வெடிப்புகளில் வெள்ளீயத்தைப் படிவித்தன. பத்துமலைச் சுண்ணாம்புக்கல்லோ இன்னும் மூத்தது. 40 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் உண்டானது.

உயர்ந்த மலை உயர்ந்தபடியே நிற்பதில்லை. நெருக்கும் விசை தளர்ந்தால், தடித்துச் சூடேறிய நிலத்தோடு, குவித்த மாவு பரவுவதுபோல, தன் பாரத்தாலேயே விரிந்து தாழும். திபெத்தில் நிலம் இன்றும் கிழக்கு மேற்காக விரிந்து வருகிறது. நம் மலையைத் தேய்த்ததில் மழைக்கும் ஆற்றுக்கும் பெரும்பங்கு உண்டு. எனினும் நிலம் பிளந்த சுவடுகளும் உள. கிள்ளான் கேட்ஸ் முகடு, நீண்ட வெடிப்பொன்றில் படிகக்கல் நிரம்பி உண்டான சுவரே. பத்து ஆராங் நிலக்கரியோ, மிகப் பிற்காலத்தில் நிலம் தாழ்ந்த பள்ளத்தில் படிந்தது.

மலையின் தேய்வே பள்ளத்தாக்கின் வாழ்வாயிற்று. அரித்து வந்த சரளையில் ஈயம் கிடைத்தது. 1881இல் தீயும் வெள்ளமும் நகரை அழித்தபின், ஆற்றோரக் களிமண் பிரிக்பீல்ட்ஸ் சூளைகளில் செங்கல்லாயிற்று. ஈயத்தைத் துறைக்குக் கொண்டு செல்ல 1886இல் கிள்ளான் இருப்புப்பாதை திறக்கப்பட்டது. அப்பாதைகளில் உழைத்தோருள் தமிழர் பலர். பத்து ஆராங் சுரங்கம் 1915 முதல் 1960 வரை ரயிலுக்கும் மின்நிலையங்களுக்கும் கரி ஈந்தது. அங்கே 1937இல் தொழிலாளர் பெரும் வேலைநிறுத்தம் செய்தனர்.

மலையின் கதையைப் பாறை தானே எழுதி வைத்திருக்கிறது. அம்மலை தந்த செல்வத்தை அகழ்ந்தவர், சுமந்தவர் கதையைப் பாறை எழுதாது. அதனை எழுதுதல் நம் கடன்.