றொக் குழுவும் மக்கள் பாட்டும்

கிற்றார் ஒன்றும் மேளம் ஒன்றும் கைக்கு வந்துவிட்டால் இசைக்குழு பிறந்துவிடும் என எண்ணுவோர் பலர். வரலாறு அவ்வாறு கூறவில்லை. யார் யார் ஒருங்கே அமர்ந்தனர், யார் புறத்தே நிறுத்தப்பட்டனர் என்பதே ஒரு குழுவின் பாட்டைத் தீர்மானித்து வந்திருக்கின்றது. அக்கராயன் போன்ற வன்னிக் கிராமங்களில் இளைஞர் இசைக்குழு அமைக்க முற்படுங்கால் இவ்வுண்மையை நாம் மனங்கொள்ளுதல் வேண்டும்.

றொக் இசையின் வேர் அமெரிக்கக் கறுப்பின உழைப்பாளரின் புளூஸ் பாடல்களில் உள்ளது. 1950களில் அவ்விசை இங்கிலாந்தின் துறைமுக நகராகிய லிவர்பூலை எட்டியபோது, வாத்தியம் வாங்க வசதியற்ற இளைஞர் துணி துவைக்கும் பலகையையும் தேயிலைப் பெட்டியையும் வாத்தியமாக்கினர். அப்பெட்டிகளுட் சில எம் மலையகத் தொழிலாளரின் உழைப்பைச் சுமந்து சென்றவையாகவும் இருந்திருக்கக்கூடும்! 1956இல் ஜோன் லெனன் அவ்வாறு தொடங்கிய மாணவர் குழுவே பின்னர் பீற்றில்ஸ் ஆயிற்று. எழுதுபவர் ஒருவர், பாடுபவர் வேறொருவர் என்றிருந்த வணிக வழக்கத்தை இத்தகைய குழுக்கள் தளர்த்தின. தம் பாட்டைத் தாமே இயற்றும் முறை வலுப்பெற்றது.

கூடிப் பாடுதல் எமக்கும் புதிதன்று. வன்னியிலும் யாழ்ப்பாணத்திலும் வேரூன்றிய காத்தவராயன் கூத்தில், அண்ணாவியார் மெட்டைச் சொல்லிக்கொடுக்க, பகலில் வயலில் நின்றவர் இரவில் உடுக்கொலிக்கும் ஆர்மோனியத்துக்கும் பாடிப் பழகினர். ஆயினும் கூத்துக் குழுக்களுக்குப் பெரும்பாலும் உறவும் சாதியுமே எல்லை வகுத்தன; பறை முழக்குதல் ஒரு சாதியார்மீது சுமத்தப்பட்ட தொழிலாயிருந்தது. 1960களின் பிற்பகுதியில் வடபகுதியில் தீண்டாமைக்கெதிரான போராட்டம் எழுந்தபோது, என். கே. ரகுநாதனின் ‘கந்தன் கருணை’ நாடகம் காத்தவராயன் கூத்து மெட்டுக்களிலேயே ஆலயப் பிரவேசத்தைப் பேசிற்று. பழைய மெட்டு புதிய நியாயத்தைச் சுமக்க வல்லது என்பதற்கு அதுவே சான்று.

ஏறக்குறைய அரை நூற்றாண்டின் பின், கடலுக்கு அப்பால் சென்னையில் இவ்வழி மேலும் விரிந்தது. 2018 ஜனவரி 6ஆந் திகதி கீழ்ப்பாக்கத்தில் ‘த காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ என்னும் குழு முதன்முதலாக மேடையேறியது. திரைப்பட இயக்குநர் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் தென்மாவும் தேர்வு நடத்தி 19 கலைஞரைத் திரட்டியிருந்தனர். ஒடுக்கப்பட்டோரைச் சாதியற்றோர் எனவே பதிதல் வேண்டுமென 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வாதாடிய அயோத்திதாச பண்டிதரின் சிந்தனையிலிருந்து குழுவின் பெயர் பிறந்தது.

இக்குழுவின் அடிப்படை கானா. அது வடசென்னை உழைப்பாளர் இறந்தோர் வீட்டில் இரவெல்லாம் பாடிய பாட்டு; ‘நாகரிகமானோர்’ காதைப் பொத்திக்கொண்ட பாட்டு. சாவு ஊர்வலத்தின் சட்டியும் பறையும் இங்கே கிற்றாருடனும் மேனாட்டு முரசுடனும் ஒரே வரிசையில் நின்றன. கலைஞர்கள் கோட்டும் சூட்டும் அணிந்து வந்தனர். அக்கோலம் அம்பேத்கரை நினைவூட்டிற்று. ஆண்களே பெரிதும் பாடிவந்த கானாவை இசைவாணி என்னும் பெண் பாடினார். 2020இல் பி.பி.சி. வெளியிட்ட நூறு பெண்கள் பட்டியலில் அவர் பெயரும் இடம்பெற்றது.

பாட்டு இயற்றிய முறையே நாம் ஊன்றிக் கவனிக்கத்தக்கது. திரைப்படத்தில் மெட்டும் கதைச் சந்தர்ப்பமும் முந்தி நிற்க, சொல் பெரும்பாலும் பின்னர் நிரப்பப்படும். இங்கோ வாழ்க்கை முந்தி நின்றது. இட ஒதுக்கீடு, மாட்டுக்கறி, நகரத்துச் சாதி ஆகியவற்றை அவற்றை அனுபவித்தோரே தம் பேச்சு மொழியிற் பாடினர். கானாவின் நடை மாறவில்லை. றொக்கும் றாப்பும் அதற்குத் துணைநின்றன.

கைகொடுத்தவர் திரைத்துறையினர் ஆதலின் இதனைச் சுயாதீனக் குழு எனல் தகுமோ என வினவலாம். பணம் எங்கிருந்து வந்தது என்பது முக்கியமான வினாவே. பாட்டின் பொருளை யார் தீர்மானித்தனர் என்பது அதனினும் முக்கியமானது.

இனி எம் மண்ணை நோக்குவோம். குளத்து நீரை நம்பிய வயற்குடிகளுடன், 1977ஆம் ஆண்டு இன வன்செயலின் பின் மலையகத்திலிருந்து விரட்டப்பட்டு வந்த குடும்பங்களும் கிளிநொச்சிப் பகுதியில் வேரூன்றின. காணி உறுதியின்றி நெடுங்காலம் வாழ்ந்தோர் அவருட் பலர். 2008இல் போர் நெருங்கியபோது இரு சாராரும் ஒரே பாதையில் இடம்பெயர்ந்தனர். எறிகணை சாதி பார்க்கவில்லை. ஒருவரிடம் காத்தவராயன் சிந்தும் உடுக்கும் உண்டு; மற்றவரிடம் காமன் கூத்தும் தப்பும் உண்டு.

இவ்விரு செல்வங்களும் ஒரே குழுவில் அமருமா? தப்படிக்கத் தெரிந்த மாணவனையும், பாட விரும்பியும் வீட்டில் தடுக்கப்பட்ட மாணவியையும் எம் ஆசிரியர் முதலில் அழைப்பரா? காணியின் கதையையும் இடப்பெயர்வின் கதையையும் அவர்களே தம் சொல்லில் எழுதட்டும். கிற்றார் பின்னர் வந்து சேரட்டும்!