புழுங்கலரிசியும் பெரிபெரியும்

காப்பார், கிள்ளான் முதலிய தோட்டப்புறங்களுக்கு வந்த நம் முன்னோர் புழுங்கலரிசிச் சோற்றையே விரும்பியுண்டனர். ஏழைச்சோறென்று அதனை இகழ்ந்தவருமுண்டு. ஒரு மருத்துவ விடுதியின் பெருந்தவற்றை அவ்வரிசியே வெளிப்படுத்திய வரலாற்றை ஈண்டுக் கூறுவோம்.

கால் வீங்கி, நரம்பு தளர்ந்து, இருதயம் ஓயச் செய்யும் பெரிபெரி நோய் மலாய் நாட்டுச் சீனத் தொழிலாளரை வாட்டியது. தமிழரை அரிதாகவே தீண்டியது. இவ்வேற்றுமை கண்டு, நெகிரி செம்பிலான் மருத்துவர் பிராடன் அரிசியின் மேல் ஐயங்கொண்டார். கோலாலம்பூர் மனநோய் விடுதியிலோ, குணம் நாடி வந்தோரையே அந்நோய் பற்றியது. 1905 டிசம்பரில் டாக்டர் வில்லியம் பிளெச்சர் அங்கிருந்தோரை வரிசையில் நிறுத்தி எண்ணினார். ஒற்றைப்படையினருக்கு வழக்கமான சயாம் பச்சரிசி, இரட்டைப்படையினருக்குப் புழுங்கலரிசி, ஏனைய உணவெல்லாம் ஒன்றே. குற்றம் இடத்தினதோ என்றறிய, ஆண்டின் நடுவே இருசாராரும் தங்கிய கட்டிடங்களையும் மாற்றினார். 1906 முடிவில், பச்சரிசியுண்ட 120 பேரில் 18 பேர் அந்நோயால் மாண்டிருந்தனர். புழுங்கலுண்ட 123 பேரில் ஒருவரும் அதனால் மாளவில்லை. நோய் கண்ட இருவரும் வரும்போதே அதனைக் கொண்டுவந்தவர்.

அந்தப் பதினெண்மரின் சம்மதத்தை எவரும் கேட்டிலர். இன்றைய மருத்துவ நெறி அதற்கு இடந்தராது. ஆயினும், அச்சோதனைக்கு முன் அங்கே அனைவர்க்கும் அப்பச்சரிசியே இடப்பட்டதென்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். கொன்றது மருந்தன்று, விடுதியின் சோற்றுப்பானையே!

பின்னர்க் கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தார் பிரேசரும் ஸ்டாண்டனும், தவிட்டைத் தீட்டியெறிதலே கேடென்று நிலைநாட்டினர். நெல்லை உமியோடு அவிக்கையில் தவிட்டின் உயிர்ச்சத்து அரிசிக்குள் ஊறிவிடுகிறது. தீட்டினும் முற்றும் போவதில்லை. நம் பாட்டிமார் இதையறிந்து அவித்தாரல்லர். குத்தும்போது அரிசி நொறுங்காதிருக்கவே அவித்தனர்.